மழை மலையில் ரைஃபிள் ஸ்கோப்புக்கு எந்த மூடி? நியூசிலாந்தில் வேட்டை தொடங்குவோருக்கு

சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மேற்குக் கரையிலிருக்கும் ஹோகிடிகாவில் அது 2,900 அளவில் இருக்கும். இன்னும் தெற்கே மில்ஃபோர்ட் சவுண்டில் 6,000-ஐத் தாண்டும். தாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் முட்டி மேலேறும்போது தண்ணீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. தார் (இமயமலைக் காட்டாடு), ஷாம்வா (ஐரோப்பாவின் ஆடு போன்ற மலை விலங்கு), சிவப்பு மான் மூன்றும் அந்தப் பகுதியில் மேய்கின்றன. ஆகவே அங்கே வேட்டைக்குப் போகிறவரின் ரைஃபிள் நனையாமல் திரும்பினால் அதுதான் அதிசயம்.

நம்மில் பலருக்கு வேட்டை என்றாலே ஒரு தயக்கம் இருக்கும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை வேறு. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைத் தொடவே முடியாது, தொடவும் கூடாது. நியூசிலாந்தில் கதை தலைகீழ். வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தமான இமாலயத் தார் 1904-இல் குக் மலைப் பகுதியில் கொண்டுவந்து விடப்பட்டது. அதைப் பிடித்துத் தின்ன அங்கே எந்த விலங்கும் இல்லை. பெருகிப்போய், வேறெங்கும் இல்லாத மலைச் செடிகளை மேய்ந்து தீர்த்ததால், 1993-இல் வந்த அரசுத் திட்டம் மொத்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. பொது வனநிலங்களில் வேட்டையாட இயற்கைப் பாதுகாப்புத் துறை அனுமதிச்சீட்டை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. துப்பாக்கி உரிமம் தனி. அது இல்லாமல் எதுவும் நடக்காது. உரிமம் எடுத்து, ரைஃபிளும் அதன்மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் வாங்கியாகிவிட்டது, அடுத்து மூடி வாங்க வேண்டும் என்ற இடத்தில் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

மூடி எதற்கு, எதற்கு இல்லை

கடையில் ‘ஸ்கோப்புக்குள் தண்ணீர் போகாமல் காக்கும்’ என்று சொல்லி விற்பார்கள். நல்ல ஸ்கோப்புக்கு அந்த உதவி தேவையில்லை. உள்ளே இருக்கும் ஈரக்காற்றை வெளியேற்றிவிட்டு நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை நிரப்பி, ரப்பர் வளையங்களால் அடைத்துத்தான் அனுப்புகிறார்கள். உள்பக்கம் பனிமூட்டம் போல் மங்கினால் அடைப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதை எந்த மூடியும் சரி செய்யாது. ஸ்கோப்பைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

மூடியின் வேலை கண்ணாடியின் வெளிப்பரப்பைக் காப்பது. ஒரு மழைத்துளி லென்ஸில் உட்கார்ந்தால் அதுவே ஒரு குட்டி லென்ஸாகி ஒளியைக் கண்டபடி வளைக்கும். நாலு துளி சேர்ந்தால் எதிர்ச் சரிவில் நிற்கும் மிருகம் பழுப்புக் கறையாகத் தெரியும். சைஸின் லோட்டுடெக், புஷ்னெலின் ரெயின்கார்ட் மாதிரி தண்ணீரை உருட்டிவிடும் பூச்சுகள் இருக்கின்றன. தூறலில் அவை நன்றாகவே உதவும். ஆனால் ரைஃபிளைக் குழல் மேலே பார்க்கத் தோளில் மாட்டி மூன்று மணி நேரம் ஏறினால், முன்கண்ணாடி வானத்தைப் பார்த்த கிண்ணமாகிவிடும். அங்கே பூச்சு தோற்றுப்போகும்.

இதோடு சேறு, மணல், பாறைத் தூள், புதரின் முள் எல்லாம் உண்டு. ஹெலிகாப்டரில் போய் இறங்கினால் அதன் விசிறி கிளப்பும் தூசியும் பனித்தூளும். கடைசியாக உங்கள் மூச்சு. குளிரில் பின்கண்ணாடியில் ஒரே ஒரு முறை சூடான மூச்சு பட்டால் போதும், அரை நிமிடத்துக்கு எதுவும் தெரியாது.

இதையெல்லாம் தடுப்பது எளிது. பிளாஸ்டிக் பையைக் கட்டினாலும் தடுக்கும். கஷ்டமான பாதி, மூடியைக் கழற்றுவதில் இருக்கிறது. விரல் விறைத்து, கையுறை நனைந்து, மூச்சு வாங்கும்போது அதைச் சத்தமில்லாமல், ரைஃபிளை அசைக்காமல் எடுக்க முடிகிறதா, எடுத்த பிறகு அதை எங்கே வைப்பீர்கள்? மூடியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். விலை, பிராண்ட், நிறம் எல்லாம் அப்புறம்.

முதலில் எங்கே வேட்டையாடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தார் வேட்டை பெரும்பாலும் மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே, திறந்த சரிவில் நடக்கும். ஒரு முகட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் எதிர்ச் சரிவை அங்குலம் அங்குலமாகத் தேடுவீர்கள். கண்டுபிடித்த பிறகு நெருங்கிப் போக வேண்டும், பையைத் தரையில் போட்டு அதன்மேல் ரைஃபிளைச் சாய்க்க வேண்டும். நிமிடங்கள் கிடைக்கும், சில நாள் ஒரு மணி நேரம்கூட. இங்கே மூடியைக் கழற்ற ஐந்து நொடி ஆனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் மழை, பனி, பாறை எல்லாம் உச்சத்தில் இருக்கும். எனவே இறுக்கமாக மூடும் ஒன்று வேண்டும்.

காட்டுக்குள் சிவப்பு மான் தேடுவது வேறு விளையாட்டு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண் மான்கள் கத்தும் பருவத்தில், பாசி பிடித்த பீச் (beech) மரங்களுக்கிடையே முப்பது நாற்பது மீட்டரில் மான் வந்து நிற்கும். நொடிகளில் போய்விடும். இங்கே கழற்றுகிற மூடி தொல்லை. பலர் காட்டுக்குள் நுழைந்ததும் மூடியைப் பையில் போட்டுவிட்டு, ரைஃபிளைக் கையிலேயே, குழல் பாதுகாப்பான திசையில் சற்றுத் தாழ இருக்கும்படி பிடித்து நடப்பார்கள். மழை பலமானால் மட்டும் மூடுவார்கள். தட்டினால் திறக்கும் மூடிக்கு இந்தக் காட்டில்தான் அர்த்தம் இருக்கிறது.

தெற்கே ஸ்டூவர்ட் தீவில் வெள்ளைவால் மான் தேடிப் படகில் போகிறவர்களுக்குக் கடல் உப்பு என்ற இன்னொரு தலைவலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னென்ன வகை

எலாஸ்டிக் மூடி. இரண்டு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கிண்ணங்கள், அவற்றை இணைக்க இரண்டு பக்கமும் எலாஸ்டிக் கயிறு. கடையில் ‘பிகினி’ மூடி என்று கேட்டால் சிரிக்காமல் எடுத்துத் தருவார்கள், பெயரே அதுதான். பல ஸ்கோப்புகளுடன் பெட்டியிலேயே வருகிறது. முன்கிண்ணத்தைக் கட்டைவிரலால் தள்ளினால் இரண்டும் ஒன்றாகக் கழன்றுவிடும். எடை ஒன்றுமில்லை, பழுதாக ஏதும் இல்லை, தொலைந்தால் பெரிய நஷ்டமில்லை. குறை என்னவென்றால் கழன்ற வேகத்தில் பறந்து டஸக் என்ற கொத்துப் புல்லுக்குள் காணாமல் போய்விடும். புதருக்குள் ஊர்ந்து போகும்போது கொடிகளும் கயிற்றைப் பிடித்து இழுக்கும். சில மூடிகள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. ‘அவசரத்துக்கு மூடியபடியே சுடலாம்’ என்பார்கள். அந்தப் பேச்சையே காதில் வாங்காதீர்கள். மங்கலாகத் தெரியும் ஒன்றை நோக்கித் துப்பாக்கியை நீட்டுவது வேட்டையே இல்லை.

தட்டினால் திறக்கும் மூடி. பட்லர் கிரீக் நிறுவனத்தின் ஸ்பிரிங் மூடிகள் பல காலமாக விற்கின்றன. வோர்டெக்ஸின் டிஃபெண்டர், லியூபோல்டின் அலுமினா, டெனிப்ரெக்ஸ் என்று இன்னும் பல வந்துவிட்டன. சில ஸ்கோப்பின் விளிம்பில் அழுத்திப் பொருத்துபவை, சில லென்ஸ் முன்னே இருக்கும் மரையில் திருகுபவை. மரை வகை உறுதியானது, ஆனால் அந்தந்த ஸ்கோப்புக்கு ஏற்ற மரைதான் சேரும். இவற்றில் கவனிக்க நிறைய இருக்கிறது. திறந்த மூடி 90 டிகிரியில் நின்றுவிட்டால் காற்றைப் பிடிக்கும், புதரில் மாட்டும், கீல் உடையும். முழுக்கப் பின்னால் மடங்கிப் படுத்துக்கொள்வது நல்லது. மலிவான ஸ்பிரிங் ‘டக்’ என்று அடிக்கும். அமைதியான பள்ளத்தாக்கில் அது தூரம் வரை கேட்கும். கட்டைவிரலால் அணைத்தபடி திறக்கப் பழகிக்கொள்ளலாம். இன்னொன்று, இரவில் மூடியின் விளிம்பில் தேங்கிய தண்ணீர் உறைந்துவிட்டால் காலையில் மூடி திறக்கவே திறக்காது. அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் தார் முகட்டில் கூடாரம் போடுகிறவர்களுக்கு இது நிச்சயம் ஒரு நாள் நடக்கும்.

நியோப்ரீன் உறை. ஸ்கோப் முழுவதையும் போர்த்தும் இழுபடும் துணி; ஸ்கோப்கோட் என்ற பிராண்ட் பெயரால்தான் பலர் இதைச் சொல்வார்கள். அடிபடாமல் காக்க இதைவிட நல்லது இல்லை. காரின் பின்பக்கத்திலும், ஹெலிகாப்டரிலும், பையில் கட்டி நடக்கும்போதும் அருமை. ஆனால் ஈரத்தைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். நனைந்த ஸ்கோப்பின் மேல் இழுத்துவிட்டால் லென்ஸ் இரவு முழுக்க ஈரத்திலேயே கிடக்கும், ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகள் துருப்பிடிக்கும். நனைந்தபின் உறைந்தால் அட்டை மாதிரி விறைத்துப்போகும். அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று: மேல்பக்கத் திருகுவட்டு, அதாவது குண்டு விழும் உயரத்தை மாற்றும் டரெட், பூட்டு இல்லாத வகையாக இருந்தால், உறையை இழுத்துப் போடும்போதும் கழற்றும்போதும் அது நாலைந்து கிளிக் திரும்பிவிடலாம். 300 மீட்டரில் அது தவறிய குண்டு, அல்லது காயம்பட்டு ஓடும் மிருகம். உறையைக் கழற்றியதும் கண் முதலில் டரெட்டின் எண்ணுக்குப் போக வேண்டும்.

நைலான் தொப்பி வகை. தண்ணீர் ஒட்டாத துணியில் தைத்து, இழுத்துவிட ஒரு பட்டையோ வெல்க்ரோவோ வைத்திருப்பார்கள். போல்ட்டையும் (தோட்டாவை ஏற்ற முன்னும் பின்னும் இழுக்கும் பாகம்) சேர்த்து மூடும் அளவுக்குப் பெரியவையும் உண்டு. பையில் கட்டிக்கொண்டு நீண்ட தூரம் நடப்பவர்களுக்கு இது ஒத்துவரும். வெல்க்ரோவின் ‘பர்ர்’ சத்தம் பிடிக்காதவர்கள் கொக்கி வைத்ததைப் பாருங்கள்.

அப்புறம், காசே செலவில்லாத வழி: பழைய டியூப். நியூசிலாந்தின் பண்ணை நாட்டுப்புறத்தில் டிரெய்லர், கைவண்டி, பழைய கார் என்று எதன் டியூபாவது மூலையில் கிடக்கும். டியூபைக் குறுக்கே வெட்டினால் ரப்பர் வளையம் கிடைக்கும். தட்டையாக வைத்துப் பார்க்கும்போது ஸ்கோப் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் வளையமாகப் பாருங்கள். அகலம் முன்கண்ணாடியின் வெளிவிட்டத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒரு முனையைப் பின்கண்ணாடியில் மாட்டி, மறுமுனையை இழுத்து முன்னால் மாட்ட வேண்டும். இரண்டு பட்டைகளும் ஸ்கோப்பின் இடமும் வலமுமாகப் போகும். பக்கவாட்டுத் திருகுகளின் மேல் அழுத்தும் இடத்தில் பட்டையைக் கத்தரித்துக் குறுக்கிவிடுங்கள். ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: டியூபுக்குள் ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவியிருப்பார்கள். சோப்புப் போட்டுக் கழுவாமல் மாட்டினால் அந்தப் பவுடர் முழுக்க லென்ஸில்தான் ஒட்டும். தொடங்குகிறவருக்கு என்னைக் கேட்டால் இதையோ எலாஸ்டிக் மூடியையோ தான் சொல்வேன். விலை உயர்ந்ததை ஒரு பருவம் போன பிறகு, எது உங்களைத் தொல்லைப்படுத்துகிறது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

அளவு எடுப்பது

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ஸ்கோப்பில் 3-9x40 என்றோ 4-16x50 என்றோ எழுதியிருக்கும். முன்னால் இருப்பது உருப்பெருக்கம், அந்த 40, 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். மூடி உட்காருவது லென்ஸின் மேல் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் உலோக விளிம்பின் மேல். அதன் வெளிவிட்டம் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 50 மில்லிமீட்டர் ஸ்கோப்புக்கு 56, 57, 58 என்று எதுவும் இருக்கலாம். அழுத்திப் பொருத்தும் மூடியில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஒன்று ஏறாது, இல்லை கழன்று விழும்.

வெர்னியர் காலிப்பர் இருந்தால் விளிம்பை நேரடியாக அளந்துகொள்ளுங்கள், ஸ்கோப்பைக் கீறாமல். இல்லையென்றால் ஒரு காகிதப் பட்டையை விளிம்பைச் சுற்றி இறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று சேரும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பிரித்து அளந்து 3.14-ஆல் வகுங்கள். 179 மில்லிமீட்டர் வந்தால் விட்டம் 57. பின்கண்ணாடிக்குத் தனியாக இதேபோல் எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். நியோப்ரீன் உறைக்கு ஸ்கோப்பின் மொத்த நீளமும் வேண்டும்.

வாங்குமுன் மூன்று இடைவெளிகளைப் பாருங்கள். முன்கண்ணாடிக்கும் குழலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பது முதலாவது. ஸ்கோப்பைத் தாழ்வாகப் பொருத்தியிருந்தால் மூடியின் சுவர் அங்கே நுழையாது. நுழைந்து குழலில் முட்டிக்கொண்டிருந்தால் குறி மாறும். மடித்த காகிதத்தைச் செருகிப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, பின்மூடிக்கும் போல்ட் கைப்பிடிக்கும் நடுவில். போல்ட்டை முழுக்கத் தூக்கிப் பின்னால் இழுத்துப் பாருங்கள், அதுவும் கையுறையோடு. மூன்றாவது, உங்கள் புருவம். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் வழக்கமாக 9, 10 சென்டிமீட்டர் தான் இடைவெளி. மலைக்கென்று வாங்கும் லேசான ரைஃபிள் பலமாக உதைக்கும். பின்மூடியின் விளிம்பு அந்த இடைவெளியில் சிறிது தின்றுவிடும். செங்குத்தான சரிவில் மேல் நோக்கிச் சுடும்போது முகம் இன்னும் முன்னே வரும். நெற்றியில் பிறை வடிவத் தழும்போடு திரியும் வேட்டைக்காரர்கள் நியூசிலாந்தில் நிறைய.

தட்டித் திறக்கும் மூடியென்றால் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் உண்டு. சில ஸ்கோப்புகளில் உருப்பெருக்கத்தை மாற்றும்போது பின்கண்ணாடி முழுவதும் சேர்ந்து சுழலும். 4x-இல் இடதுபக்கம் திறந்த மூடி 12x-இல் வலதுபக்கம் வந்து போல்ட்டை மறித்து நிற்கும். கடையிலேயே உருப்பெருக்க வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே சோதனை

மலையில் போய்த்தான் தெரிந்துகொள்வேன் என்றால் பயணமே வீணாகலாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, போல்ட்டை எடுத்து, குழல் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அப்புறம் மூடியை மாட்டி, ரைஃபிளைக் குழல் மேலே இருக்கும்படி நிறுத்தி, தோட்டத்துக் குழாயால் மழை மாதிரி பத்து நிமிடம் தெளியுங்கள். மூடியைக் கழற்றி லென்ஸைப் பாருங்கள். விளிம்பில் ஓரிரு துளி இருந்தால் பரவாயில்லை. நடுவில் தண்ணீர் வழிந்திருந்தால் அளவு தப்பு.

அடுத்து கை. ஐஸ் போட்ட வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் விரல் மரத்துப்போகும் வரை வையுங்கள். நனைந்த கையுறையை மாட்டிக்கொண்டு மூடியைத் திறங்கள். இதைப் படிக்கும்போது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் கடையில் அழகாகத் திறந்த எத்தனையோ மூடிகள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். சின்னப் பொத்தானை அழுத்தித் திறப்பவைதான் முதலில் தோற்கும்.

எலாஸ்டிக் மூடியைத் தொலைக்காமல் இருக்க மெல்லிய கயிற்றால் ஸ்கோப் வளையத்திலோ தோள்வார்க் கொக்கியிலோ கட்டுவார்கள். கட்டலாம், ஆனால் தொங்கும்போது அது போல்ட்டுக்குள் சிக்கக் கூடாது, ட்ரிகர் பக்கம் எட்டவே கூடாது. கயிற்றின் நீளத்தை அதற்கேற்ப வெட்டுங்கள். எனக்குக் கட்டாமல் ஒரே பாக்கெட்டில் போடும் பழக்கம்தான் பிடிக்கும். எந்தப் பாக்கெட் என்று முடிவு செய்துவிட்டு, எப்போதும் அதே பாக்கெட். நிறம் கறுப்பும் பச்சையும் வேண்டாம். ஆரஞ்சு கிடைத்தால் ஆரஞ்சு. புல்லில் விழுந்தால் கண்ணில் படும்.

மலையில், வரிசையாக

நியூசிலாந்தின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழு. அதில் நான்காவது, இலக்கு என்னவென்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காண வேண்டும் என்பது. அதற்கு ஸ்கோப்பைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே அசைவது மனிதராக இருந்தால், ஸ்கோப்பில் பார்க்கும் அந்த நொடியே நீங்கள் ஒருவரை நோக்கித் துப்பாக்கி நீட்டியாகிவிட்டது. தேடுவது, அடையாளம் காண்பது எல்லாம் பைனாகுலர் வேலை. ஸ்கோப்பில் மூடி போட்டிருப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: அவசரப்பட்டு ஸ்கோப் வழியாக எட்டிப் பார்க்க முடியாது.

ஆகவே வரிசை இப்படி. பைனாகுலரில் மிருகத்தைப் பார்த்து, என்ன மிருகம், ஆணா பெண்ணா, சுடத் தகுந்ததா என்று முடிவு செய்யுங்கள். சுடும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள்; இதுவரை ரைஃபிளின் அறையில் (சேம்பர், அதாவது சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை, மூடியும் கழற்றவில்லை. பையைக் கீழே போட்டு அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்து வையுங்கள். இப்போது மூடியை எடுத்துப் பாக்கெட்டில் போடுங்கள். டரெட் எண், உருப்பெருக்கம் இரண்டையும் ஒரு பார்வை. ஸ்கோப் வழியே பாருங்கள். துளி இருந்தால் துடைக்க இதுதான் நேரம். மிருகத்துக்குப் பின்னாலும் பக்கத்திலும் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே போல்ட்டைத் தள்ளி அறையில் தோட்டாவை ஏற்றுங்கள். ஏற்றிய துப்பாக்கியின் மேல் மூடியோடு மல்லுக்கட்டுவது என்ற நிலைமை ஒரு நாளும் வரக் கூடாது. மழை வலுத்திருந்தால் முன்கண்ணாடியை மட்டும் திறந்து, பின்மூடியை முகம் கிட்டே வரும் கடைசி நொடியில் எடுங்கள். மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள்.

மிருகம் போய்விட்டதா? அறையைக் காலி செய்த பிறகு மூடியைத் திரும்ப மாட்டுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் உதறிவிட்டு மாட்டுங்கள். ஈரமான கிண்ணத்தை வறண்ட லென்ஸில் கவிழ்ப்பதில் ஒரு லாபமும் இல்லை.

துடைக்கும் துணி பற்றி. மைக்ரோஃபைபர் துணி இரண்டு, தனித்தனி ஜிப் பைகளில். ஒன்று நனைந்தால் மற்றொன்று. முதலில் ஊதியோ பிரஷ்ஷாலோ மணலை அகற்றுங்கள், பிறகு துணியை மெதுவாக ஒற்றுங்கள். சட்டை நுனியால் தேய்ப்பவர் லென்ஸ் பூச்சைத் தானே உரிக்கிறார். கரித்தூள் முனை கொண்ட லென்ஸ் பேனா வறண்ட கண்ணாடிக்குத்தான். ஈரத்தில் தொட்டால் முனை பாழ். ஸ்டூவர்ட் தீவு மாதிரி கடலோர இடங்களில் லென்ஸில் உப்பு காய்ந்து படிகமாகிவிடும். அதைத் துடைக்கவே கூடாது. குடிதண்ணீர் ஊற்றிக் கரைத்த பிறகே துணி.

குழல் வாயையும் மறக்க வேண்டாம். அங்கே பெரும்பாலானவர்கள் சப்ரஸர் (வெடிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) மாட்டியிருப்பார்கள், அதில் தண்ணீர் புகுந்தால் நிறையத் தேங்கும். மெல்லிய எலக்ட்ரிக் டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும். குண்டுக்கு முன்னே வரும் காற்றே அதைக் கிழித்துவிடும். தடிமனான அடைப்பு, ரப்பர் தக்கை, சேறு, பனிக்கட்டி எதுவும் அங்கே இருக்கக் கூடாது, குழலே வெடிக்கும்.

இரவும் திரும்பிய பிறகும்

மலைக்குடிலில் அடுப்பு எரியும். குளிர்ந்த ரைஃபிளை நேராக அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் காற்றிலிருக்கும் ஈரம் முழுக்க உலோகத்திலும் லென்ஸிலும் வியர்வையாக இறங்கும். காலையில் திரும்ப வெளியே எடுத்தால் அது உறையும். தோட்டாவையும் போல்ட்டையும் பிரித்து, ரைஃபிளை அடுப்பிலிருந்து தள்ளிய குளிர்ந்த மூலையில், உங்கள் கண் பார்வையில் வையுங்கள். மூடியைக் கழற்றிவிடுங்கள், இரவு முழுக்கக் காற்றுப் படட்டும். நனைந்த மூடியைத் தனியாக உலர்த்துங்கள். சப்ரஸரையும் கழற்றிச் சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

உலர்த்துகிறேன் என்று மூடியையோ நியோப்ரீன் உறையையோ குடிலின் திண்ணையில் மட்டும் விடாதீர்கள். கியா என்ற மலைக்கிளி அங்கே உண்டு. காரின் ஜன்னல் ரப்பரையே உரித்தெடுக்கும் பறவை அது. பூட்ஸ், பை, ரப்பர் என்று எதை வெளியே விட்டாலும் காலையில் துண்டு துண்டாகத்தான் கிடக்கும். அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை, விரட்டுவதைத் தவிர நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. திட்டலாம். அதற்கு எந்தச் சட்டமும் இல்லை.

வீடு திரும்பியதும் மூடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஸ்கோப்பை மூடியில்லாமல் ஓரிரு நாள் வறண்ட அறையில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டுவைக்கலாம். எலாஸ்டிக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தாலோ, ரப்பரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். பழைய மூடியை எறிய வேண்டாம். பையின் மேல் பாக்கெட்டில் மாற்று மூடியாக அது இன்னும் ஒரு பருவம் ஓடும்.